வெற்று எடை

கஞ்சிக்கோட்டு லாரி எடைமேடைகளுக்கு
நான்தான் சரிபார்ப்பு.
இருபது கிலோ இரும்புக்கட்டிகள் ஐம்பது,
ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு துளி ஈயம்.
நான்கு மூலைக்கும் மாற்றி மாற்றி அடுக்கினால்
எந்த மூலை பொய் சொல்கிறதென்று தெரிந்துவிடும்.
கோழித்தீவனக் கம்பெனி மேடை
வடகிழக்கில் எப்போதும் இருபது கிலோ குறைவு.
திருத்திவிட்டு வருவேன்.
மூன்றாம் மாதம் போனால்
மறுபடியும் இருபது.

மூன்று வருஷமாகப் பில் போட்டுத்தான் சம்பளம்.
சம்பளம் என்று சொன்னால்
ஆடிட்டர் செங்கமலத்துக்குக் கோபம் வரும்.
"கட்டணம்னு சொல்லிப் பழகுங்க."
கொழிஞ்சாம்பாறையில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
அவருடைய அறை.
மின்விசிறி போட்டால் காகிதம் பறக்கும்,
போடாவிட்டால் அவர் பேசமாட்டார்.

மாதம் ஐம்பத்தைந்தாயிரம்.
பத்து சதம் பிடித்துக்கொண்டு
நாற்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு வரும்,
வருகிற மாதம் வரும்.
"வரவுல பாதிய வருமானம்னு காட்டுவோம்.
மிச்சப் பாதி செலவு. பில்லு கேக்க மாட்டாங்க."
அந்தப் பாதிக்குள்தான்
என் வண்டி பெட்ரோல், அளவுக்கருவி,
வேலந்தாவளத்தில் குடித்த டீ,
காய்ச்சலில் படுத்த ஒன்பது நாள்.
ஒன்பது நாளுக்குப் பில் போட முடியாது.
பிடித்த பணம் முழுக்கத் திரும்பும்,
எப்போது என்று மட்டும் கேட்கக் கூடாது.

ரோலில் சேர்ந்தால் நாற்பத்தோராயிரம்.
அதில் பிஎஃப் போகும்,
அரையாண்டுக்கு ஒருமுறை
பஞ்சாயத்துக்குத் தொழில்வரி போகும்.
எட்டாயிரத்துச் சொச்சம் பள்ளம்.
இரண்டு தடவை அழைத்தாள் ஜிஷா.
இரண்டு தடவையும் சிரித்துக்கொண்டே
அடுத்த பில்லை நீட்டினேன்.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில்
ஸ்கேன் எடுத்த பெண்
ஒரு தேதி எழுதித் தந்தாள்: ஜனவரி பதினெட்டு.
வாளையாரில் பஸ் நின்றபோது
சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
பேறுகால விடுப்புக்கு
ரோலில் எண்பது நாள் வேலை பார்த்திருக்க வேண்டும்.
காண்டிராக்ட் நாட்களுக்கு அதில் இடமில்லை.
நவம்பர் ஒன்றில் சேர்ந்தால்
ஞாயிறுகளையும் சேர்த்தே எழுபத்தெட்டு.
அக்டோபர் ஒன்று என்றால் தேறும்.
ஆனால் இரண்டு பில் நிலுவை,
அக்டோபர் வேலைக்கும் பேசி முடித்தாயிற்று.
மறுபடி எண்ணினேன்.
எழுபத்தெட்டு எழுபத்தெட்டாகவே இருந்தது.

திலகனிடம் சொன்னேன்.
"ஆறு மாசச் சம்பளம் சும்மா வருமா?" என்றான்.
சும்மா என்ற சொல்லை
அன்று ராத்திரி முழுக்க
நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தேன்.

மறுநாள் தீவனக் கம்பெனி.
கட்டிகளை நான் தூக்கவில்லை.
லோடுமேன் முத்துக்குட்டிக்கு முந்நூறு கொடுத்தேன்.
"இங்கே வை, அங்கே வை"
என்று குடைக்குக் கீழே நின்றேன்.
கணவாய்க் காற்றில் குடை திரும்பிக்கொண்டது.
ஆபீஸ் ஜன்னலில்
டீயோடு நின்றிருந்தாள் ஜிஷா.

மத்தியானம் ஃபாரத்தைக் கேட்டேன்.
எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன்:
அம்மாவுக்கு உடம்பு சரியில்லை,
வீட்டுக் கடனுக்குச் சம்பளச் சீட்டு வேண்டும்.
எதையும் அவள் கேட்கவில்லை.
சேரும் தேதிக் கட்டத்தில்
அவளே அக்டோபர் ஒன்று என்று எழுதினாள்.
"பழைய பில்லு ரெண்டும் நான் பாஸாக்காம், சேச்சி.
நாளை முதல் ஆ கட்டி தொடண்டா."

வெளியே வந்தேன்.
மேடை காலியாகக் கிடந்தது.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றேன்.
சிவப்பு எண்களில் அறுபது.
பத்துப் பத்தாகத்தான் எண்ணும் அது;
இடையில் இருப்பதைக் காட்டாது.
லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
இறங்கினேன்.